பார்லி வயலும் புளிக்கரைசலும்: நார்ஃபோக் டைரி

ஊருக்கு வந்து மூணு மாசமாச்சு, இடுப்பு வலி இப்பதான் விட்டிருக்கு. இங்கிலாந்து போனியே லண்டன் பார்த்தியா, ராணி வீடு பார்த்தியான்னு கேக்குறவங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான், பார்க்கல, வயல்ல குழி தோண்டிட்டு இருந்தேன். அப்பப்ப நோட்டுல கிறுக்கி வச்சத தேதி போட்டு போடுறேன். ஏன் இவ்வளவு லேட்டுன்னா கடைசிக் குறிப்புல தெரியும்.

செப்டம்பர் 11, வியாழன், நாரிச்

இங்கிலாந்துக்குக் கிழக்க, நார்ஃபோக் மாவட்டத்து ஊரு. எழுத்துல நார்விச்னு இருக்கு, வாயில நாரிச்சுன்னுதான் சொல்றாங்க. தம்பி இங்க வந்து ஒன்பது வருஷம். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அவன் பொண்டாட்டி, "மதினி, மொதல்ல வந்து இந்த இரும்புக்கடைய பாருங்க"ன்னு கையப் பிடிச்சு கராஜுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. கார் நிக்கவேண்டிய இடத்துல மேஜை, மேஜை மேல பிளாஸ்டிக் டிரே, டிரேல சின்னச் சின்ன ஜிப் கவர்ல மண்ணு கலர்ல ஏதேதோ. பட்டன், பக்கிள், நசுங்குன தகடு, ஈயக் குண்டு.

எல்லாம் மெட்டல் டிடெக்டர் வச்சுத் தேடுனதாம், மண்ணுக்குள்ள கெடக்கிற உலோகத்தக் காட்டிக் குடுக்கிற மெஷினு. அறுநூறு பவுண்டாம். நம்ம காசுக்கு எழுபதாயிரம். நான் வாயத் தொறக்குறதுக்குள்ள "எக்கா, கணக்குப் போடாத"ன்னுட்டான்.

இவனுக்கு இந்தக் கிறுக்கு எப்படிப் பிடிச்சுதுன்னு கேட்டா ஹாக்ஸன்னு ஒரு ஊர் கதையச் சொல்றான். இங்கயிருந்து தெக்க, சஃபோக்ல இருக்கு. 1992 நவம்பர்ல ஒரு விவசாயி வயல்ல சுத்தியலத் தொலைச்சுட்டார். எரிக் லாஸ்னு ஒருத்தர் மெஷின எடுத்துட்டுப் போய்த் தேடிக் கொடுக்கப் போனார். கிடைச்சது ரோமானியப் புதையல், தங்கமும் வெள்ளியுமா பதினாலாயிரத்துக்கு மேல காசு, கூடவே நகை, கரண்டி, அப்புறம் ஒரு மகாராணி உருவத்துல வெள்ளி மிளகு டப்பா. மனுஷன் எல்லாத்தையும் பேர்த்து எடுக்காம சீக்கிரமே நிறுத்தித் தகவல் சொல்லிட்டார், தொல்லியல்காரங்க வந்து முறையாத் தோண்டினாங்க. மொத்த மதிப்பு 17.5 லட்சம் பவுண்ட். சுத்தியலும் கிடைச்சுது, அதுவும் இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துலதான் இருக்காம். எனக்கு அந்த மிளகு டப்பாதான் மனசுல நின்னுச்சு. அந்தக் காலத்து மிளகு நம்ம பக்கத்து மலையில இருந்து, முசிறி வழியா கப்பலேறிப் போனதுதானே, இவங்க வெள்ளியில பொம்மை செஞ்சு அதுக்குள்ள போட்டு வச்சிருக்காங்க.

ராத்திரி சாம்பார் சாதம். குளிரு 11 டிகிரி. ரெண்டு கம்பளி.

செப்டம்பர் 13, சனி, பார்லி வயல்

காலையில ஆறரைக்கு எழுப்பிட்டான். இட்லி, மிளகாப்பொடி, ஃபிளாஸ்க்ல காபி. எனக்குத் தம்பி பொண்டாட்டியோட ரப்பர் பூட்ஸ், ஒரு சைஸ் பெருசு, ரெண்டு சாக்ஸ் போட்டும் லொடலொடன்னு ஆடுது.

போற வழியில கெய்ஸ்டர்னு ஒரு இடம், ரோமானியர் கட்டுன டவுன், மதில் இன்னும் நிக்குது, நடுவுல ஆடு மேயுது. "இங்க தேடக் கூடாதா, இங்கதானல நெறய இருக்கும்?"னு கேட்டதுக்கு, பாதுகாக்கப்பட்ட இடம்க்கா, மெஷினோட கால் வச்சாலே கேஸுன்னான். ராத்திரியில திருட்டுத்தனமா வந்து தோண்டுறவங்களும் உண்டாம், அவங்களுக்கு நைட்ஹாக்னு பேரு. முறைப்படின்னா நிலத்துக்காரர்கிட்ட அனுமதி வாங்கணும். இவன் எழுத்துலயே வாங்கியிருக்கான், எது கிடைச்சாலும் பாதிப் பாதின்னு. அதுக்கு மேல ஒரு கோடி பவுண்டுக்கு இன்சூரன்ஸ் வேற. குழி தோண்டுறதுக்கு இன்சூரன்ஸ்!

நிலத்துக்காரர் எழுபது வயசிருக்கும், நாயோட நின்னார். "யூ ஆல்ரைட்?"ன்னார். எனக்கு என்னமோ ஆகிட்டமாதிரி கேக்கிறாரேன்னு "ஐ ஆம் ஃபைன், ஒன்லி லிட்டில் ஹிப் பெயின்"னு விளக்கமாச் சொல்லிட்டேன். தம்பி தலையில அடிச்சுக்கிட்டான். அது இங்க வணக்கம் மாதிரியாம். ஆனா அவரு நின்னு பொறுமையா என் இடுப்புக் கதையக் கேட்டாரு, அவரு முட்டியப் பத்தியும் சொன்னாரு. போகும்போது ஒரு பை நெறய பிளம்ஸ் கொடுத்தாரு.

அறுத்து முடிஞ்ச தாள், கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் மஞ்சளா. நம்ம வயல்னா கொக்காவது நிக்கும், இங்க காத்து மட்டும்தான். மெஷின தரைய உரசுற மாதிரி பெருக்கிக்கிட்டே போகணும், வாசல் பெருக்குற மாதிரிதான், ஆனா மெதுவா. இரும்புன்னா கர்ருன்னு உறுமும். நல்ல உலோகம்னா கீச்சுன்னு கத்தி ஒரு நம்பர் காட்டும். முதல் கீச்சு எனக்கு. உருட்டிப் பிரட்டி, கைய விட்டுத் தோண்டி எடுத்தா கோக் டின் துண்டு. ரெண்டாவது கீச்சும் கோக் டின். மூணாவது டின் மூடியில இருக்கிற வளையம். மணி பத்தரை.

நாலாவதுதான் ஏதோ தேறுச்சு. ஒரு ரூபா நாணயம் அளவுல பித்தளை வட்டம், விளிம்புல எழுத்து. எச்சில் தொட்டுத் தேச்சேன். "எலி, லண்டன்"னு இருக்கு. சத்தியமா. அந்தக் காலத்து முத்திரை, எவனோ எலிப் பிரபு வச்சிருந்ததுன்னு நான் துள்ளினேன். தம்பி தூரத்துல இருந்தே பார்த்துட்டு, "எக்கா, அது துப்பாக்கித் தோட்டாவோட அடிப்பாகம், ஈலின்னு கம்பெனி பேரு, ஒவ்வொரு வயல்லயும் நூறு கெடக்கும், பறவை சுடுறவன் போட்டது"ன்னான். என் எலிப் பிரபு பத்து நிமிஷம்கூட தாங்கல.

மத்தியானம் அவனுக்கு ஒரு உருண்டை கிடைச்சுது, நெல்லிக்காய் அளவு, அடியில ஒரு பிளவு, மேல ஒரு காது. ஆட்டினா உள்ள கல்லு உருளுது. நான் உடனே சொல்லிட்டேன், "சலங்கைடா." நம்ம ஊர்ல மாட்டுக்குக் கட்டுறமே, ஆடுறவங்க கால்ல கட்டுறமே, அதே வாய், அதே கண்ணு. குரோட்டல் பெல்லுன்னு பேராம், வண்டிக் குதிரைக்குக் கட்டுறது, குறுகலான ரோட்டுல எதிர வர்ற வண்டிக்குச் சத்தம் கேக்கணும்ல. அடியில ஆர், டபிள்யூன்னு ரெண்டு எழுத்து. ராபர்ட் வெல்ஸ்னு, ஆல்ட்போர்ன்ங்கற ஊர்ல மணி வார்த்தவரு, 18-ஆம் நூற்றாண்டு. மண்ணுக்குள்ள இருநூறு வருஷத்துக்கு மேல கிடந்துட்டு வந்து ஆட்டுன உடனே கிணிங்னுச்சு. அந்த வயல்ல அந்தச் சத்தத்தக் கேட்டு நாங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

செப்டம்பர் 14, ஞாயிறு, அதே வயல், பிறகு சமையலறை

காத்தோட தூறல். வேலி ஓரமா பிளாக்பெர்ரி பறிக்கப் போய் நெட்டில் செடியில கைய விட்டுட்டேன். நம்ம காஞ்சொறி தங்கச்சிதான் அது, ராத்திரி வரைக்கும் சுள்ளுன்னுச்சு.

ரெண்டு பொருள் கிடைச்சுது. ஒண்ணு தம்பி தோண்டுனது. பெருவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் மேல, சாம்பல் கலர், கனமா, சப்பையா நசுங்குன ஈயம். பை மாதிரி ஒரு வடிவம். அவன் பார்த்துட்டு "ஸ்கிராப்"னு சொல்லி ஈயம் போடுற பைக்குள்ள போட்டுட்டான். ரெண்டாவது நான் தோண்டுனது. தாள் மாதிரி மெல்லிசா வட்டத் தகடு, களிம்பு பிடிச்சுப் பச்சையா இருக்கு, ஏதோ கிரீடம் மாதிரி லேசாத் தெரியுது. காசு! தம்பி கண்ணுல வெளிச்சம். கவர்ல போட்டு, போன்ல இடத்தோட கிரிட் நம்பரக் குறிச்சு, "இதத் தொடாத, காயட்டும், செவ்வாக்கிழமை எங்க கிளப்புக்கு, கிடைச்சதப் பார்த்துப் பதியுற ஆபீசரம்மா வருவாங்க"ன்னான்.

இப்ப நான் செஞ்ச காரியத்தச் சொல்லணும்.

ராத்திரி எல்லாரும் தூங்கியாச்சு. எனக்குத் தூக்கம் வரல. தண்ணி குடிக்க வந்தேன், மேஜைல அந்தக் கவர். நான் பாளையங்கோட்டையில வாரா வாரம் குத்துவிளக்கு விளக்குறவ. இந்தக் களிம்பப் பார்த்தா கை சும்மா இருக்குமா? ரசத்துக்கு ஊற வச்ச புளி மிச்சம் இருந்துச்சு. கொஞ்சம் கல் உப்பு. பெருவிரலால ரெண்டே தேய், தண்ணியில அலசுனா, அடேயப்பா, தங்கம்! நடுவுல ஒரு ரோஜா, சுத்தி மூணு கிரீடம், மூணு பூ. பின்பக்கம் மூணு வளைவுக்குள்ள சிலுவை வச்ச ஒரு உருண்டை. வெளக்கு வெளிச்சத்துல தகதகன்னு மின்னுது. துணியில துடைச்சு டம்ளர் மேல சாய்ச்சு வச்சுட்டுப் படுத்துட்டேன், காலையில பிள்ளை பார்த்து அசந்து போவான்னு.

செப்டம்பர் 15, திங்கள், மழை

அசந்துதான் போனான். காலையில "எக்கா!"ன்னு ஒரு கத்தல், பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது.

களிம்பு அழுக்கு இல்லையாம். உலோகமும் மண்ணும் சேர்ந்து நூத்துக்கணக்கான வருஷமாக் கட்டுன தோலாம், எழுத்தோட விளிம்பே அதுலதான் நிக்குமாம். அதுல ஆசிட் போட்டா தோலோட எழுத்தும் போயிரும். புளி ஆசிட்தானேக்கான்னான். நாப்பத்தஞ்சு வருஷமா பித்தளை விளக்குறேன், என்கிட்ட யாரும் இப்படிச் சொன்னதில்ல. ஆனா அவன் சொல்றது சரிதான், உத்துப் பார்த்தா ஒரு ஓரத்துல எழுத்து மொழுக்குன்னு ஆயிருச்சு, நான் அழுத்தித் தேய்ச்ச எடம்.

அரை நாள் பேசல. சாயங்காலம் சமாதானமா நாரிச் மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். கலர் கலரா கூரை போட்ட கடைங்க, 900 வருஷத்துக்கு மேல அதே எடத்துல நடக்கிற சந்தை. பச்சைப் பட்டாணிய வேக வச்சு மசிச்சுக் கப்புல தர்றாங்க, மேல புதினா சாஸ். உப்புமில்ல உறைப்புமில்ல. கடைக்காரம்மா என் முகத்தப் பார்த்துட்டு கேக்காமலே மிளகுத்தூள நீட்டுனா. குரோமர் நண்டு மட்டும் அருமை, ஓட்டுக்குள்ளயே சதைய எடுத்து அடுக்கி வச்சு, ஏழு பவுண்ட். நண்டு ரசத்துக்கு ஏங்கிக்கிட்டே தின்னேன்.

செப்டம்பர் 16, செவ்வாய், கிளப் கூட்டம்

தம்பி மாதிரி மெஷினோட தேடுறவங்க கிளப். ஒரு கிராமத்து ஹால். நாப்பது பேரு, முக்காவாசி அறுபது தாண்டுன ஆம்பளைங்க, எல்லார் கையிலயும் டிஃபன் டப்பா, டப்பாக்குள்ள பஞ்சு, பஞ்சுக்குள்ள ஏதோ. கல்யாணத்துக்கு ஜாதகத்தோட வந்த மாதிரி மூலைக்கு மூலை ரெண்டு பேரு தலைய முட்டிக்கிட்டு நிக்கிறாங்க. டீ ஒரு பவுண்ட், கேக் இலவசம். சாக்கு மாதிரி ஸ்வெட்டர் போட்ட ஒரு தாத்தா எனக்குப் பன்னிரண்டு முகம் உள்ள வெண்கல உருண்டை ஒண்ணோட படத்தக் காட்டுனாரு. ஒவ்வொரு முகத்துலயும் ஒரு ஓட்டை, ஒவ்வொண்ணும் வேற சைஸ், மூலைக்கு ஒரு குமிழ். 2023-ல லிங்கன்ஷயர்ல நார்ட்டன் டிஸ்னிங்கற ஊர்ல ஊர்க்காரங்களே சேர்ந்து நடத்துன அகழாய்வுல கிடைச்சுது. ஐரோப்பாவுல மொத்தம் நூத்துச்சொச்சம் இருக்கு, எதுக்குன்னு ஒரு ரோமானியனும் எழுதி வைக்கல. கம்பளி பின்னுற சாதனம்ங்கறான் ஒருத்தன், மெழுகுவத்தி ஸ்டாண்டுங்கறான் ஒருத்தன். "எங்க ஊரா இருந்தா தாயக்கட்டைன்னு முடிச்சிருப்போம்"னேன். தாத்தா அத நோட்டுல குறிச்சுக்கிட்டாரு!

ஆபீசரம்மா முப்பது வயசுக்காரி. 1997-ல ஆரம்பிச்ச திட்டம் இது, போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்னு பேரு, கிடைச்சதக் கொண்டு வந்து காட்டுனா இன்னது இன்ன காலம்னு சொல்லி, படம் எடுத்துப் பதிவு பண்ணி, திருப்பிக் குடுத்துருவாங்க. பதினஞ்சு லட்சம் பொருளுக்கு மேல ஏறியாச்சு. 300 வருஷத்துக்கு மேலான தங்கம் வெள்ளிப் பொருள் மாதிரி, சட்டம் புதையல்னு சொல்றது கிடைச்சா 14 நாளுக்குள்ள சொல்லியாகணும், மியூசியம் எடுத்துக்கிட்டா அதோட விலையத் தோண்டுனவரும் நிலத்துக்காரரும் பிரிச்சுக்கலாம். நம்மகிட்டயும் 1878-லயே புதையல் சட்டம் இருக்கு, பத்து ரூபாய்க்கு மேலன்னா கலெக்டர்கிட்ட சொல்லணும். யாரு சொல்றா? கரூர் அமராவதி மணல்ல சேரன் காசும் ரோமானியக் காசும் கிடைச்ச ஊரு நம்ம ஊரு. சொன்னா கோர்ட்டு கேசுன்னு அலையணுமேன்னு பயந்து எத்தனை பேரு பட்டறையில உருக்கியிருப்பாங்களோ. இங்கயும் யாரும் உத்தமன் இல்ல, காசு வரும்னு தெரியுது, காட்டுறாங்க. அவ்வளவுதான்.

எங்க முறை வந்துச்சு. "எங்க கிடைச்சுது?"ங்கறதுதான் அந்தம்மாவோட முதல் கேள்வி, என்ன பொருள்னு அப்புறம்தான் பாக்குறாங்க. எடம் தெரியாத பொருள் பாதிப் பொருள்தானாம். சலங்கைய ஆட்டிப் பார்த்து சிரிச்சாங்க, 1700-க்கு அப்புறம் வந்தத பெரும்பாலும் பதியறதில்ல, வீட்டுல வச்சுக்கோங்கன்னாங்க. அப்புறம் என் தங்கம். பூதக்கண்ணாடிய வச்சுப் பார்த்துட்டு ரொம்ப மரியாதையா, "இத... யாராவது சுத்தம் பண்ணீங்களா?"

தம்பி என்னைக் கை காட்டிட்டான். எதால பண்ணீங்கன்னு கேட்டாங்க. டாமரிண்டுன்னேன். எழுதிக்கிட்டாங்க.

அது தங்கமும் இல்ல, காசும் இல்ல. ஜெட்டான். ஜெர்மனியில நியூரம்பர்க்ல அச்சு வச்சு அடிச்ச பித்தளைக் கணக்கு வில்லை, ஹான்ஸ் கிரௌவின்கல்னு செஞ்சவரு பேரு அதுலயே இருக்கு, 1600-ஐ ஒட்டி. கட்டம் போட்ட துணியில வில்லைய நகர்த்தி நகர்த்திக் கூட்டல் கழித்தல் போடுவாங்களாம், நம்ம ஆடுபுலி ஆட்டம் மாதிரி. பின்னாடி ஜெர்மன்ல எழுத்து, "கடவுள் ஆசி பணக்காரனாக்கும்." விலை பத்து பவுண்டுகூடத் தேறாது. அந்த ஆசிய நான் புளி போட்டுக் கழுவிட்டேன்.

கிளம்புறப்ப தம்பியோட பையில இருந்து ஸ்கிராப் ஈயம் மேஜைல கொட்டிருச்சு. அந்தம்மா கை அதுல ஒண்ணுல போய் நின்னுச்சு. தம்பி குப்பைன்னானே, அந்தச் சப்பை ஈயம். விளக்கு வெளிச்சத்தச் சாய்ச்சுக் காட்டுனாங்க. ஒரு பக்கம் சிப்பி மாதிரி விசிறிக் கோடு. திருப்புனா, தேஞ்சு போய், கிரீடம் வச்ச ஒரு டபிள்யூ. கழுத்துல ரெண்டு பக்கமும் காது ஒடிஞ்ச அடையாளம். வாய் கிழிஞ்சிருக்கு.

ஆம்புல்லாவாம். யாத்திரை போனவங்க புனிதத் தண்ணி பிடிச்சுட்டு வர்ற ஈயக் குப்பி. 500, 600 வருஷம். குப்பியில தண்ணி ஊத்தி வாய நசுக்கி மூடிருவாங்க, கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுக்கலாம். திறக்கணும்னா கிழிக்கணும், பல்லால கடிச்சுத் திறந்த குப்பிகூட கிடைச்சிருக்காம். டபிள்யூ வால்சிங்காமா இருக்கலாம், இதே நார்ஃபோக்ல இருக்கிற மாதா ஸ்தலம். ஏன் இது வயலுக்கு வயல் கிடைக்குதுன்னா, ஊருக்குக் கொண்டு வந்து விளையணும்னு நிலத்துல ஊத்தியிருப்பாங்கன்னு ஆராய்ச்சிக்காரங்க சிலர் சொல்றாங்களாம்.

எனக்கு அவங்க சொல்லி முடிக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுருச்சு. எங்க ஆச்சி காசிக்குப் போயிட்டு வந்து வச்சிருந்த கங்கைச் செம்பு, எலுமிச்சம்பழ அளவு, வாய்ல ஈயம் வச்சு அடைச்சது, சாமி ரூம்ல இருபத்திரெண்டு வருஷம் யாரும் தொடல. ஆச்சிக்கு மூச்சு இழுக்குது, அப்பா அதத் தொறக்க முடியாம கத்திய வச்சு நோண்டி, கொறடால திருகி, கடைசியில வாய்ல வச்சுக் கடிச்சாரு. பல்லு ஒடிஞ்சுது. ஒரு ஸ்பூன் உள்ள போச்சு.

தம்பிக்கும் அது ஞாபகம் வந்திருக்கும். அவனுக்கு அப்ப பதினோரு வயசு. கார்ல வர்றப்ப "நான் ஸ்கிராப்புல போட்டேன்க்கா"ன்னு மட்டும் சொன்னான்.

செப்டம்பர் 18, வியாழன், வால்சிங்காம்

அவனே லீவு போட்டான். ஸ்தலத்துக்கு ஒரு மைல் முன்னாடி சின்னக் கோயில், ஸ்லிப்பர் சேப்பல்னு பேரு, 14-ஆம் நூற்றாண்டு. இங்க செருப்பக் கழட்டிட்டு மீதியை வெறுங்காலோட நடப்பாங்களாம். இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியே 1511-ல வந்து கும்பிட்டவரு, 1538-ல அதே ஆளுதான் ஸ்தலத்த இடிச்சாரு. இந்தக் கோயில அப்புறம் மாட்டுத் தொழுவமாக்கூட வச்சிருந்திருக்காங்க.

திருச்செந்தூர் பாதயாத்திரை போனவளுக்கு ஒரு மைல் என்னன்னு செருப்பக் கழட்டினேன். முந்நூறு அடியிலயே சரளைக்கல்லும் குளிரும் சேர்ந்து உயிர் போச்சு, மறுபடி மாட்டிக்கிட்டேன். தம்பி மட்டும் நடந்தான். எதிர்ல வந்த வெள்ளைக்காரம்மா அவன் காலப் பார்த்து "வெல் டன்"னுச்சு, என் காலப் பார்த்து ஒண்ணும் சொல்லல.

ஜூலையில தமிழர் யாத்திரை நடக்குமாம், இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்குல வருவாங்களாம், அவங்கள்ல இந்துக்களும் வருவாங்களாம். இன்னைக்குக் கூட்டமே இல்ல. புனிதத் தண்ணி பிடிக்கிற குழாயடியில ஒரு அம்மா, புடவை மேல கோட்டு, ரெண்டு லிட்டர் கோலா பாட்டில்ல தண்ணி பிடிச்சுட்டு நின்னாங்க. என் பொட்டப் பார்த்துட்டு "எவடம் நீங்கள்?"ன்னாங்க. திருநெல்வேலின்னேன். "போத்தல் கொண்டு வரேல்லையோ? இந்தாங்கோ"ன்னு பையில இருந்து குட்டி ஷாம்பு போத்தல் ஒண்ண எடுத்து, நல்லா அலசி, நிரப்பித் தந்தாங்க. இவ்வளவு தண்ணி எதுக்கும்மான்னு கேட்டேன். "மகன் புதுக் கார் எடுத்தவன். தெளிக்க வேணும்"னாங்க.

மழை பிடிச்சுக்கிச்சு. மீனும் சிப்ஸும் பதிமூணு பவுண்ட், ஒரு தட்ட ரெண்டு பேரு சாப்பிட்டோம்.

டிசம்பர் 19, வெள்ளி, பாளையங்கோட்டை

தம்பி லிங்க் அனுப்பியிருக்கான். ரெண்டும் பதிவாயிருச்சு. குப்பிக்கு நீளம், அகலம், தடிமன், எடை, கிழிஞ்ச வாய், எல்லாம் அளந்து எழுதியிருக்காங்க. வயலோட சரியான இடம் மட்டும் பொதுவுல காட்டமாட்டாங்களாம், திருடன் வந்துருவான்னு.

ஜெட்டானுக்கு நாலு வரி. கடைசி வரிய பேத்திய விட்டு ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டேன். "மேற்பரப்பு சமீபத்தில் புளியால் சுத்தம் செய்யப்பட்டுள்ளது."